கோப்பு முறைமைக்கு ஆவணம் எழுதுவது எப்படி?

ஐப்பசி மழையில் ராமேஸ்வரம் பக்கத்து ஊர்களான மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் மின்சாரம் சொல்லிக்கொள்ளாமல் போகும். திரும்பி வந்ததும், வட்டில் இருப்பவை பிழைத்தனவா என்ற பயத்தோடுதான் கணினியைத் திறக்கிறோம். அவற்றைப் பிழைக்க வைப்பது கோப்பு முறைமை, அதாவது வட்டில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் மென்பொருள். அதன் நிரலில் கைவைக்கப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். அதைப் பயன்படுத்துவது எப்படி என்று விளக்கும் ஆவணத்தில் கைவைக்க, லினக்ஸ் போட்ட ஒரு கணினியும் பொறுமையும் போதும். விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கல்லூரி விடுமுறையும் அதையொட்டியே வருவதால், தொடங்க அதைவிட நல்ல சமயம் இல்லை.

எடுத்துக்காட்டாக பட்டர்எஃப்எஸ்ஸை (btrfs) எடுத்துக்கொள்வோம். 2009இல் லினக்ஸின் மையக்கருவான கெர்னலின் 2.6.29 பதிப்புடன் வந்த கட்டற்ற கோப்பு முறைமை இது. பழைய தரவின் மேல் எழுதாமல், புதியதை வேறிடத்தில் எழுதிவிட்டுப் பிறகு தரவு இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பை மாற்றும். இதன் ஆவணங்கள் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில், பிடிஆர்எஃப்எஸ்-ப்ராக்ஸ் (btrfs-progs) என்ற கருவித் தொகுப்பின் டாக்குமென்டேஷன் கோப்புறையில் இருக்கின்றன. ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்ற எளிய வடிவம். ஸ்ஃபிங்ஸ் என்ற கருவி அதைப் பக்கங்களாக்கும். ஒரு மாலையில் கற்றுவிடலாம்.

<b>முதலில், விளையாட ஒரு வட்டு</b>

உண்மையான வட்டைத் தொடாதீர்கள். டிரங்கேட் கட்டளையால் 2 ஜிபி அளவில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி, அதன்மேல் கோப்பு முறைமையை அமைக்கும் எம்கேஎஃப்எஸ் (mkfs.btrfs) கட்டளையை ஓட்டி, லூப் முறையில், அதாவது அந்தக் கோப்பையே ஒரு வட்டுபோல, மவுன்ட் செய்து இணையுங்கள். தவறுதலாக வேறு வட்டின் பெயரைக் கொடுத்தாலும், அதில் ஏற்கெனவே ஒரு கோப்பு முறைமை இருந்தால் எம்கேஎஃப்எஸ் மறுத்துவிடும். மறுப்பை மீறச் சிலர் வழக்கமாகவே எஃப் (-f) விருப்பத்தைச் சேர்ப்பார்கள். அந்தப் பழக்கம் வேண்டாம்.

<b>பிறகு, குழப்பத்தைத் தேடுங்கள்</b>

ராமேஸ்வரத்தில் யாத்திரிகர்களைப் படமெடுக்கும் ஒரு ஸ்டுடியோவை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கணினியில் பட்டர்எஃப்எஸ். வட்டில் மிச்ச இடத்தைக் காட்டும் டிஎஃப் (df) கட்டளை இடம் மிச்சம் என்கிறது. படத்தைச் சேமிக்கப் போனால் ‘இடமில்லை’ என்கிறது. எது உண்மை? இரண்டும்தான்.

பட்டர்எஃப்எஸ் வட்டைத் துண்டு துண்டாக ஒதுக்குகிறது: தரவுக்குச் சில, கோப்புகளைப் பற்றிய கணக்கான மெட்டாடேட்டாவுக்குச் சில. தரவுத் துண்டுகள் பாதி காலியாக இருந்தாலும், மெட்டாடேட்டா நிரம்பி, ஒதுக்காத இடமும் தீர்ந்துவிட்டால் எழுத முடியாது. போதாததற்கு, இப்போதைய பதிப்புகளில் ஒற்றை வட்டிலும் மெட்டாடேட்டா இரண்டு பிரதிகளாக இருக்கும். ‘ஃபைல்சிஸ்டம் யூசேஜ்’ கட்டளையின் ‘அன்அலொகேட்டட்’ வரி இதைக் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் காலியான தரவுத் துண்டுகளை மட்டும் டியூசேஜ் (-dusage) வடிகட்டியோடு பேலன்ஸ் செய்தால், அதாவது அவற்றில் இருப்பதை நெருக்கி மறுபடி எழுதினால், இடம் மீளும். வடிகட்டி இல்லாமல் ஓட்டினால் முழு வட்டையும் புரட்டும். அந்தக் கட்டளையே எச்சரித்துவிட்டுப் பத்து விநாடி காத்திருப்பது அதனால்தான்.

இதை உங்கள் விளையாட்டு வட்டில் நிகழ்த்திப் பாருங்கள். பார்த்தபின் ஆவணத்தைப் படியுங்கள். எந்த வாக்கியத்தில் நின்று மறுபடி படித்தீர்களோ, அதுதான் நீங்கள் திருத்த வேண்டிய வாக்கியம். நிபுணர்கள் அதைத் தாண்டிப் போய் வெகுகாலமாகியிருக்கும்.

<b>எழுதுவது</b>

ஆங்கிலம் சுமார்தான் என்று தயங்க வேண்டாம். சிறு வாக்கியங்கள், ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி. கட்டளை, அதன் வெளியீடு, வெளியீட்டில் பார்க்க வேண்டிய வரி: இந்த வரிசை போதும். நீங்களே ஓட்டிப் பார்க்காத கட்டளையை எழுதாதீர்கள். நகலெடுத்த பழைய கட்டளையால் பிறர் தரவு போகும். எந்தப் பதிப்பில் சோதித்தீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள்.

<b>அனுப்புவது</b>

நிரல் மாற்றங்களுக்கான கடுமையான விதிகள் ஆவணத் திருத்தங்களுக்கு இல்லை என்று இந்தத் திட்டமே சொல்கிறது. உங்கள் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் ஒரு புல் ரெக்வெஸ்ட் கிட்ஹப்பில் போதும். முதல் முறை ஒரே ஒரு பத்தியை மட்டும் திருத்துங்கள்; பக்கம் முழுவதையும் புதுப்பித்து அனுப்பினால் பார்ப்பவர் தள்ளிப்போடுவார். திருத்தம் கேட்டால், நீங்கள் அனுப்பிய அதே கிளையில் (பிராஞ்ச்) மாற்றுங்கள். பதிலே வராவிட்டால் இரண்டு வாரம் பொறுத்து, அங்கேயே ஒரு வரி நினைவூட்டுங்கள். இன்னொரு புல் ரெக்வெஸ்ட்டைத் திறக்காதீர்கள்.