பள்ளிக்கூடச் சாவி யாரிடம்? மண்சரிவுக்குத் தயாராகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் இரண்டு இளைஞர்கள் ஒரு திட்ட அறிக்கையோடு வந்தார்கள். இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தை மண்சரிவுக்கும் மாறிவரும் மழைக்கும் தயார்ப்படுத்தப் போகிறார்களாம். முதல் பக்கத்தில் தானியங்கி மழைமானி, இரண்டாம் பக்கத்தில் கைத்தொலைபேசிச் செயலி. பதினொரு வருடத்துக்கு முன் நான் எழுதிய அறிக்கையும் கிட்டத்தட்ட இதேதான். சரிவை வெட்டாதே, மரத்தைத் தறிக்காதே என்பதெல்லாம் லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகளுக்கே தெரியும், அதை விடுகிறேன்.

செயலி

பணிய (கீழே உள்ள) லயத்தில் சிக்னல் வருகிறதா என்று போய் நின்று பாருங்கள். அப்புறம் பேசலாம்.

எச்சரிக்கை அனுப்பியதும் வேலை முடிந்தது என்று நினைப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டம் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் சரிந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். தகவல் இருந்தது. லயமும் அங்கேயே இருந்தது. இது தெரிந்தும் நான் அதே பிழையைச் செய்தேன்.

ஒரு தோட்டத்தில் மழைமானி வைத்து, ஒரு பையனுக்கு அளக்கப் பழக்கினேன். ஒருநாள் இரவு 100 மில்லிமீற்றர் தாண்டிவிட்டது என்று அழைத்தான். எல்லோருக்கும் குறுஞ்செய்தி போட்டுவிட்டு, கடமை முடிந்த நிம்மதியில் படுத்தேன். காலையில் ஆட்டோ பிடித்து மேலே போனால், வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு வழக்கம்போல எல்லோரும் நிற்கிறார்கள். ஒரு அம்மா கேட்டார்: "வெளிய போகச் சொன்னீங்க தம்பி, சரி. எங்க போறது? இன்னைக்குப் பேர் யாரு போடுவா?"

பேர் என்றால் அன்றைய வேலைப் பதிவு, அது விழுந்தால்தான் கூலி. என்னிடம் பதில் இல்லை. தங்குமிடம் என்று நான் எழுதியிருந்த பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலும் அதே சரிவுதான் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

நல்லவேளையாக மலை சரியவில்லை, ஒரு ஆட்டுப்பட்டியின் சுவர் மட்டும் விழுந்தது. ஆனால் அடுத்த மழைக்கு நாங்கள் சொன்னபோது, "அன்னைக்கும் இப்படித்தானே சொன்னீங்க" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை மாற்ற மூன்று வருடம் பிடித்தது.

இப்போது மழைமானிக்கு முன்னால் சாவியைத்தான் கேட்கிறேன். இரண்டு பேரிடம் இருக்க வேண்டும், இரண்டு பேரும் லயத்தில் படுக்கிறவர்களாக இருக்க வேண்டும். வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் உண்டா இல்லையா என்பதைத் துரையிடம் (தோட்ட மேலாளரிடம்) வெயில் காலத்திலேயே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். மாட்டை யார் அவிழ்ப்பது, நடக்க முடியாத தாத்தாவை யார் தூக்குவது என்று பெயர் பெயராகப் பேச வேண்டும். அப்புறம் ஒருநாள் இரவில், மழையிலேயே, பிள்ளைகளோடு அந்தப் பாதையில் நடந்து பார்க்க வேண்டும். நாங்கள் நடந்தபோது பாதி வழியில் கான் (வடிகால்) நிரம்பி ஓடியது. பலகை போட வேண்டும் என்பது வரைபடத்தில் இல்லை.

அளவுகளையும் மில்லிமீற்றரில் சொல்லிப் பயனில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி, 24 மணித்தியாலத்தில் 75 தாண்டினால் கவனம், 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற வேண்டும். ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டியதுதான். வாயும் அடியும் ஒரே அகலமான போத்தல் எடுத்து, ஏழரை, பத்து, பதினைந்து சென்டிமீற்றரில் மூன்று நிறக் கியூடெக்ஸால் (நகப்பூச்சால்) கோடு போட்டோம். பள்ளிக்குப் போகாத பாட்டிகூட "மஞ்சள் தொட்டிருச்சு" என்கிறார்.

மாறிவரும் மழைக்காகத் தேயிலைச் செய்கையை ஒரே இரவில் மாற்றுவது

2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தினார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்துவதற்குள் தேயிலைக்கு அடி விழுந்துவிட்டது. கொழுந்து குறைந்தால் பேரும் குறையும். சேதனப் பசளை (இயற்கை உரம்) கெட்டது என்று சொல்லவில்லை. முதலில் இரண்டு நிரையில் போட்டு ஒரு வருடம் பாருங்கள். புதிய தேயிலைக் கன்றுக்கும் இதே பேச்சுத்தான், அது காலூன்றவே வருடங்கள் எடுக்கும்.

கான் வெட்ட ஆளில்லை என்பது

ஆள் இருக்கிறது. பட்ஜெட்டில்தான் அந்த வரி இல்லை.

புது வீடு கொடுத்ததோடு விடுவது

பாதுகாப்பான இடத்தில் வீடு கிடைத்தும் பகலெல்லாம் பழைய லயத்தில் இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மரக்கறித் தோட்டம் அங்கே, மாட்டுப்பட்டி அங்கே, பிள்ளைக்கு பஸ்ஸும் அங்கிருந்துதான். மழை பிடித்தால் சிலர் அங்கேயே படுத்துவிடுவார்கள். கேட்டால், "மாடு தனியா இருக்குமே" என்பார்கள்.

அந்த இளைஞர்களிடம் நான் ஒன்றுதான் கேட்டேன்: இரவு பதினொரு மணிக்குச் சாவி யாரிடம்? அறிக்கையைப் புரட்டிவிட்டு ஒருவன் சொன்னான், "அண்ணே, பள்ளிக்கூட அதிபரோட நம்பர் இருக்கு." எந்த ஊரில் குடியிருக்கிறார் என்றேன். கண்டியாம்.