டிரெய்லர் சேசிஸும் ஸ்பிரிங் பட்டையும்: பலப்படுத்தும் முறை

மேலூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும் ஏற்றும் டிராக்டர் டிரெய்லர் எங்கள் பட்டறைக்கு வந்தால், “ஒரு பட்டை கூடப் போட்டுவிடுங்கண்ணே” என்பதுதான் முதல் பேச்சு. பட்டை என்பது எடையைத் தாங்கும் அடுக்கு ஸ்பிரிங்கின் ஒரு தகடு. அது கூடினால் பின்பக்கம் தொங்காது, சரி. ஆனால் அச்சும் டயரும் தாங்கும் எடை அதே எடைதான்.

முதலில் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம். மண்ணைச் சுரண்டி, கம்பி பிரஷால் தேய்த்துப் பாருங்கள். பட்டையைத் தாங்கும் பிராக்கெட் ஓரம் மெல்லிய துருக்கோடு தெரிந்தால் பெரும்பாலும் விரிசல்தான். அதன் நுனியில் சின்னத் துளை போடுங்கள், இல்லாவிட்டால் வெல்டிங்கைத் தாண்டியும் ஓடும். அப்புறம் விரிசலை வி வடிவில் கிரைண்ட் செய்து, அடிவரை இறங்குகிற மாதிரி வெல்டிங் வையுங்கள். பலத்துக்காக அதன் மேலே வைத்து வெல்டிங் செய்யும் தகட்டின் இரு முனையையும் கூராக வெட்டுங்கள். சதுரமாக விட்டால் அந்த விளிம்பிலேயே புது விரிசல் கிளம்பும். சேசிஸ் என்ற அடிச்சட்டத்தின் நீள இரும்பான சேனலின் குறுக்கே நேர்கோடாக வெல்டிங் இழுப்பது எனக்கு அறவே பிடிக்காது.

பட்டையில் மட்டும் வெல்டிங் கூடவே கூடாது. சூட்டில் பதம் போய் ஒடிந்துவிடும். ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்றுங்கள். பட்டை அடுக்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட் புதிதாகவே இருக்கட்டும். பட்டையின் முனைக் கண்ணுக்குள் இருக்கும் புஷ் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

வாடிப்பட்டி வரை ஒரு லோடு போய்வந்ததும் யூ போல்ட் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.