வெளிநாட்டில் ஊர் சுற்றும்போது உடம்பு ‘போதும்’ என்றால்: மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலிருந்து ஒரு செமஸ்டர் படிக்க ஐரோப்பாவுக்குப் போகும் பிள்ளைகள், இரண்டு நாள் லீவு கிடைத்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கிளம்பத்தான் வேண்டும், அந்த வயதில் ஊர் சுற்றாமல் பின்னே எப்போது? ஆனால் டிக்கெட் விலையைப் பார்க்கிறார்கள், ஹாஸ்டல் வாடகையைப் பார்க்கிறார்கள், உடம்புக்கு முடியுமா என்று மட்டும் பார்ப்பதில்லை. இருபது வயதில் அந்தக் கேள்வியே வேண்டாம் என்ற நினைப்புதான் முதல் தவறு. இங்கே காலேஜ் பஸ், மின்சார ரயில், ஷேர் ஆட்டோ என்று பழகிய கால்கள், அங்கே காலையிலிருந்து இருட்டும்வரை கல் பாவிய தெருக்களில் நடக்க வேண்டியிருக்கும். இளமை கைகொடுக்கும், ஓரளவுக்குத்தான்.

படிக்கட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். டிக்கெட் எடுக்கும்போது நேரத்தைப் பார்ப்பவர்கள், எத்தனை படி, லிஃப்ட் உண்டா என்று பார்ப்பதில்லை. இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரப் பேராலயத்தின் குவிமாடத்துக்கு 463 படிகள், லிஃப்ட் கிடையாது. 15-ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி அதைக் கட்டியபோது வேலையாட்கள் போய்வந்த வழியில்தான் இன்றும் ஏற வேண்டும். குறுகலான சுழல் படிகள், அங்கங்கே சின்ன ஜன்னல். மேலே போகப் போகக் குவிமாடத்தின் வளைவோடு சுவரும் தலைப்பக்கம் சாய்ந்து வரும். முன்னாலும் ஆள், பின்னாலும் ஆள். மூச்சு வாங்குகிறது என்று நடுவில் நின்றால் பின்னால் வருகிற வரிசை முழுக்க நிற்கும். நினைத்த இடத்தில் திரும்பி இறங்கவும் முடியாது. இதய நோய், தலைச்சுற்றல், அடைபட்ட இடத்தில் பயம் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று ஆலய நிர்வாகமே எச்சரிக்கிறது.

‘என்னால் முடியாது’ என்பதை இருநூறாவது படியில் சொல்லிப் பயனில்லை. அதை முடிவு செய்ய வேண்டியது கீழே, முடிந்தால் டிக்கெட் எடுப்பதற்கும் முன்னால். பக்கத்திலேயே இருக்கும் மணிக்கூண்டுக்கும் 414 படிகள் உண்டு. ஆனால் அதில் நடுநடுவே தளங்கள் இருப்பதால் நின்று இளைப்பாறலாம். அதுவும் வேண்டாம் என்றால் ஆற்றுக்கு அக்கரையில் மைக்கேலாஞ்சலோ சதுக்கத்துக்கு டவுன் பஸ்ஸிலேயே போகலாம், குவிமாடமும் ஊரும் சேர்ந்தே தெரியும். வாட்டிகனில் புனித பேதுரு ஆலயக் குவிமாடத்துக்கு மொத்தம் 551 படிகள். லிஃப்ட் டிக்கெட் எடுத்தால் மிச்சம் 320தான். ஜெர்மனியின் கொலோன் பேராலயக் கோபுரத்தில் 533, லிஃப்ட் இல்லை. புறப்படும் முன் பரங்கிமலைப் படிகளை ஒரே மூச்சில் ஏறிப் பாருங்கள். நூற்றுச் சொச்சம் படிகளுக்கே உட்கார இடம் தேடினால், மேலே சொன்ன எண்களை இன்னொரு முறை படியுங்கள்.

‘காசு கொடுத்தாச்சே’ என்பதற்காக ஏறுவது இன்னொரு தவறு. போன பணம் போனதுதான், முட்டியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவது சும்மா என்று நினைப்பதும் தப்புக்கணக்கு. இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உடம்பின் எடையைத் தொடைத்தசைதான் தடுத்துப் பிடிக்கிறது. அந்த வலி அன்று தெரியாது. மறுநாளோ அதற்கு மறுநாளோதான் காலைப் பிடிக்கும். அதனால் கோபுரம் ஏறிய மறுநாளுக்கு மலைப்பாதை நடையை வைக்காதீர்கள்.

அப்புறம், மலை உயரம். ‘ஊட்டிக்குப் போனேனே, ஒன்றும் ஆகவில்லையே’ என்பார்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், ஸ்விட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர். 600 மீட்டர் உயரம்கூட இல்லாத இன்டர்லாகன் ஊரிலிருந்து அங்கே போக இரண்டு மணி நேரம் போலத்தான் ஆகும், அதற்குள் அந்த உயரத்துக்கு உடம்பு பழகாது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். தினமும் ஜிம்முக்குப் போகிறவருக்கும் தலை வலிக்கலாம், குமட்டலாம். பனியைப் பார்த்ததும் ரீல்ஸுக்காக ஓடுவது, வெறும் வயிற்றோடு ஏறுவது, தலைவலி அதிகமாகும்போதும் ‘இன்னும் ஒரு போட்டோ’ என்று நிற்பது, மூன்றும் கூடாது. அடுத்த ரயிலில் கீழே இறங்குவதுதான் மருந்து.

வெயிலில் நம்மவர்களுக்கு அசட்டுத் துணிச்சல் அதிகம். ‘கத்திரி வெயிலையே பார்த்தவங்க நாங்க’ என்று ஜூலை மாதம் நடுப்பகலில் ரோமின் பழைய இடிபாடுகளுக்குள் இறங்கிவிடுவார்கள். சென்னையில் கத்திரியில் நடுப்பகலில் யார் நாலு மணி நேரம் நடக்கிறார்கள்? இங்கே வியர்வை சட்டையை நனைத்துக் காட்டிக்கொடுக்கும். காற்று உலர்ந்த ஊரில் அது உடனே ஆவியாகிவிடுவதால் எவ்வளவு நீர் போனது என்றே தெரியாது. மலிவான விடுதிகள் பலவற்றில் ஏசியும் இருக்காது, சீலிங் ஃபேனும் இருக்காது, இரவிலும் உடம்பு ஆறாது. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை. ரோம் தெருக்களில் எந்நேரமும் ஓடும் ‘நசோனி’ குழாய்களில் நல்ல குடிநீர் இலவசம், பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

புது ஷூவோடு விமானம் ஏறாதீர்கள். செருப்பிலேயே வளர்ந்த கால்கள் நமக்கு. இரண்டு மூன்று வாரம் அதைப் போட்டுக்கொண்டு பெசன்ட் நகரிலோ மெரினா நடைபாதையிலோ நடந்து பழக்குங்கள். குதிகால் லேசாக எரிய ஆரம்பித்ததுமே நின்று பிளாஸ்டர் ஒட்டிவிட வேண்டும். கொப்புளம் வந்தபின் ஒட்டினால் மறுநாள் நடை போச்சு.

விடுதிக் காசை மிச்சம் பிடிக்க ராத்திரி பஸ் எடுப்பதும், சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடிக்கச் சிப்ஸோடு நாளை ஓட்டுவதும் மாணவர்களுக்குச் சகஜம். ஒரு ராத்திரி பரவாயில்லை, இரண்டாவது ராத்திரியைத் தவிர்த்துவிடுங்கள். காலை ஆறு மணிக்குப் போய் இறங்கினால், அறை கிடைக்க மதியம் தாண்டும். அதுவரை முதுகில் மூட்டையோடு அலையாமல் பெரிய ரயில் நிலையத்தின் லாக்கரில் வைத்துவிடுங்கள். கடலை மிட்டாய், பொரிகடலை கைவசம் இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, கூட வருபவர்களிடம் மறைப்பதுதான். மாதவிடாய் வலியோ பழைய முட்டிக் காயமோ இருந்தும், குரூப்பில் ஒருத்தரால் எல்லாருக்கும் கெட்டது என்ற பேச்சு வருமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கிறார்கள். ‘நீங்க போயிட்டு வாங்க, நான் கீழே இருக்கேன்’ என்று சொல்வதில் ஒரு குறைவும் இல்லை. எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று பேசிவைத்துக்கொண்டு, கீழே இருப்பவர் நிம்மதியாக உட்கார்ந்து ஊரைப் பார்க்கட்டும்.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது என்பது தெரிந்திருக்கும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதில் இடமுண்டா என்று படித்துப் பாருங்கள். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் என்றால் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் 112-ஐ அழைக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டர் சீட்டோடு இன்ஹேலரைத் தோள்பையிலேயே வையுங்கள், விடுதியில் விட்டுவரும் பெட்டியில் வேண்டாம். அது எந்த ஜிப்பில் இருக்கிறது என்று கூட வருபவர் ஒருவருக்காவது காட்டிவையுங்கள்.