செரெண்டிபைட்: சொல்லிப் பழகவும் பிரித்துப் பார்க்கவும்

ரத்தினக்கல் வகுப்பில் செரெண்டிபைட் என்ற அரிய கல்லின் பெயரை எழுதவைப்பதற்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லவைப்பேன். இந்தக் கல்லைக் கையில் எடுத்துப் பார்க்க எல்லாருக்கும் வாய்க்காது. பெயராவது சுத்தமாக வர வேண்டும் என்பது என் பிடிவாதம்.

நடுவிலிருந்து தொடங்குங்கள். ‘ரெண்டு’ என்று சொல்லுங்கள். கடைசி உகரத்தை மாற்றி ‘ரெண்டி’ ஆக்குங்கள். அப்புறம் ‘கிலோபைட்’டில் வரும் ‘பைட்’டைப் பின்னால் சேருங்கள். இந்தப் பகரம் ‘கோபம்’ என்பதில் வருகிற மாதிரி மெத்தென்று ஒலிக்கும், ‘பல்’லில் வருவது போல அல்ல. முடிவில் ‘பைட்டு’ என்று ஓர் உகரம் தானாக வந்து ஒட்டும், அதை விட்டுவிடுங்கள். இப்போது முன்னால் ‘செடி’யின் செ. அதை அழுத்தாமல் லேசாகத் தொட்டுவிட்டு ‘ரெண்’ணுக்குப் போங்கள். ஆங்கிலத்தில் அழுத்தம் அங்கேதான் விழுகிறது.

செ-ரெண்-டி-பைட், ஆங்கிலக் கணக்கில் நான்கு அசை. நம் யாப்பில் செரெண்/டிபைட் என்று இரண்டே அசை, நிரைநிரை, கருவிளம். வெண்பா எழுதுகிறவர்களுக்கு இது ஒன்றே போதும், மறக்காது.

பொருளுக்காகப் பிரிக்கும்போது வேறு இடத்தில் வெட்ட வேண்டும்: செரெண்டிப் + ஐட். பகர மெய் முன்சொல்லுக்கு உரியது. ஐகாரம் வந்து ஏறியதும் ‘பை’ ஆகிப் பின்னசையோடு போய்விட்டது. புணர்ச்சி படித்த நமக்கு இது புதிதல்ல.

செரெண்டிப், அரபு வணிகர்கள் இலங்கையை அழைத்த ‘சரந்தீப்’. வடமொழி ‘சிம்ஹலத்வீப’த்திலிருந்து வந்தது, கடைசியில் இருப்பது நம் ‘தீவு’தான். ‘ஐட்’ கிரேக்க விகுதி. கால்சைட், கிராஃபைட் எல்லாம் அதில் முடிபவை. கண்டிப் பக்கம் கங்கபிட்டியவில் கிடைத்த இந்த நீலக் கனிமத்தை 1903இல் விவரித்தவர்கள் பிரையரும் ஆனந்த குமாரசுவாமியும். ஆம், நடராசர் சிற்பத்தைப் பற்றி எழுதிய அதே குமாரசுவாமி. அவர் முதலில் கனிமவியலாளர் என்பதை வகுப்பில் ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவேன்.

‘செரண்டிபிட்டி’ (எதிர்பாராமல் நல்லது வாய்ப்பது) என்ற ஆங்கிலச் சொல் தெரிந்தவர்கள் அதே பழக்கத்தில் மூன்றாம் அசையை அழுத்துவார்கள். வேர் ஒன்றுதான், ஆனால் அது 1754இல் ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் ஒரு கடிதத்தில் உருவாக்கிய தனிச்சொல். அழுத்தத்தை அங்கிருந்து கொண்டுவராதீர்கள்.

சரி, வந்துவிட்டதா என்று பார்க்கப் பல்லாவரம் பாறையின் பெயரை எடுங்கள்: சார்னகைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் அந்தப் பாறைதான். அதனால் சார்னக் + ஐட், அழுத்தம் ‘சார்’ மேல்.