குட்டையான பிள்ளைக்கு உயரம் தாண்டுதல்: ஸ்டெஃபான் ஹோல்ம் வழியில் ஓட்டத்தை அமைப்பது எப்படி

உயரம் தாண்டுதலுக்கு ஆள் எடுக்கும்போது வரிசையில் நெட்டையாக நிற்பவனைத்தான் முதலில் கூப்பிடுகிறோம். நான் பயிற்சி தரும் பிள்ளைகளில் பலர் குட்டை. அவர்களை நான் வேறு போட்டிக்கு அனுப்புவதில்லை. காரணம், சுவீடனின் ஸ்டெஃபான் ஹோல்ம்.

அவர் உயரம் 1.81 மீட்டர்தான். உலகத்தர உயரம் தாண்டுபவர்களுக்கு நடுவில் அது குறைவு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 2.36 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். அடுத்த ஆண்டு மாட்ரிட் உள்ளரங்கில் 2.40. அதாவது தன் தலைக்கு மேல் 59 சென்டிமீட்டர்! அந்த இடைவெளியை அவருக்கு முன் எட்டியவர் 1.73 மீட்டர் உயரமுள்ள அமெரிக்கர் ஃபிராங்க்ளின் ஜேக்கப்ஸ் ஒருவர்தான், 1978இல். உயரத்தில் இல்லாததை ஹோல்ம் ஓட்டத்தின் வேகத்தில் எடுத்துக்கொண்டார். அதனால் நாமும் ஓட்டத்தில் இருந்தே தொடங்குவோம்.

முதலில் எந்தக் காலில் எழும்புகிறான் என்று பாருங்கள். தாழ்வான கம்பியை சிசர்ஸ் முறையில் (கத்தரிபோல் ஒரு காலுக்குப் பின் மறு காலை வீசி) தாண்டச் சொன்னால் தெரிந்துவிடும். இடது கால் என்றால் கம்பியின் வலப்பக்கத்தில் இருந்து ஓடிவர வேண்டும்.

பத்து ஸ்டெப் போதும்: ஐந்து நேராக, ஐந்து வளைவாக. மார்க் வைக்க எளிய வழி, பின்னோக்கி அளப்பது. கம்பியைத் தாங்கும் பக்கத்து ஸ்டாண்டைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே, கம்பியில் இருந்து ஒரு கை நீளத்தில் டேக்-ஆஃப் இடம், அதாவது எழும்பும் இடம். அங்கிருந்து பிள்ளையை ஐந்து ஸ்டெப் வளைவாக, பிறகு ஐந்து நேராக வெளியே ஓடவிடுங்கள். ஐந்தாவது ஸ்டெப் விழும் இடத்தில் ஒரு மார்க், பத்தாவதில் ஒரு மார்க். போட்டியிலும் இரண்டு மார்க் அனுமதி உண்டு. ஆனால் சுண்ணாம்புப் பொடி கூடாது, டேப் ஒட்டப் பழக்குங்கள்.

இனி பிழை பார்ப்பது. மேலே போகும்போதே கம்பியில் இடித்தால் டேக்-ஆஃப் மிகக் கிட்டே. உச்சிக்குப் போய் இறங்கும்போது கம்பி மேல் விழுந்தால் மிகத் தூரம். வேகம் கூடக் கூட டேக்-ஆஃப் இடத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ள வேண்டும். வேகமாக ஓடும் குட்டைப் பிள்ளைகளிடம் இதைத்தான் அடிக்கடி திருத்த வேண்டியிருக்கும்.

வளைவில் உடம்பு கம்பிக்கு எதிர்ப்பக்கம், வட்டத்தின் உள்ளே சாய வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் கடைசி இரண்டு ஸ்டெப்பில் பயந்து வளைவை வெட்டிக் கம்பிப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். அப்படிச் சாய்ந்தால் எவ்வளவு வேகமும் வீண். நான் பின்னால் நின்று கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்பேன். கடைசிக்கு முந்தைய ஸ்டெப் நீளம், கடைசி ஸ்டெப் குட்டை, "டக்... டக்-டக்" என்று கேட்டால் சரி. "டக், டக், டக்" என்று ஒரே சீராகக் கேட்டால் பிள்ளை எழும்பும் முன் வேகத்தை இழக்கிறான் என்று அர்த்தம்.

ஹோல்ம் வரிசையாக ஹர்டில்ஸ் வைத்துத் தாண்டிப் பழகியது பிரபலம். நம் பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழான உயரமே போதும். தரையில் கால் படும் நேரம் குறையட்டும், அதுதான் நோக்கம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: விழுவதற்கு மேட் (மெத்தை) இல்லாவிட்டால் ஃபிளாப், அதாவது முதுகு கீழாகக் கம்பியைத் தாண்டும் முறை, வேண்டாம். மணல் குழியில் முதுகால் விழுந்தால் கழுத்து போய்விடும். மேட் வரும்வரை சிசர்ஸும் வளைவு ஓட்டமும் மட்டும்.

அப்புறம், அவசரப்படாதீர்கள். 2000 சிட்னியில் ஹோல்ம் நான்காவது. தங்கம் நான்கு ஆண்டு கழித்துத்தான் வந்தது. 2007 ஒசாகாவில், உயரம் தாண்டத் தொடங்கி இரண்டு ஆண்டுகூட ஆகாத பஹாமாஸின் டொனால்ட் தாமஸ் உலகப் பட்டம் வென்றார். ஹோல்ம் மீண்டும் நான்காவது. அடுத்த ஆண்டு பெய்ஜிங்கிலும் நான்காவது, அதோடு ஓய்வு. இத்தனை காலமும் பயிற்சியாளர் அவருடைய அப்பா ஜானிதான். தாமஸ் மாதிரிப் பிள்ளை நமக்குக் கிடைப்பது அபூர்வம். ஹோல்ம் மாதிரி உழைக்கத் தயாரான பிள்ளை எல்லாப் பள்ளியிலும் உண்டு.

பிள்ளை வளர்கிறவன் என்பதால் மார்க்கை ஒவ்வொரு பருவத்திலும் புதிதாக அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். போட்டி நடக்கும் மைதானத்தில் தரை மெத்தென்று இருந்தால் தொடக்க மார்க்கை அரை அடி முன்னே நகர்த்தி, கம்பி இல்லாமல் ஒருமுறை ஓடிப் பார்க்கச் சொல்லுங்கள்.