பழுத்த ஆலமரமே போதும்

நெல்லை மாவட்டத்தின் பாபநாசம், மணிமுத்தாறு மலையடிவாரப் பகுதிகளில் பறவை பார்க்கச் செல்வோர் பாதை நெடுகிலும் நடந்து களைப்பதைவிட, பழம் பழுத்திருக்கும் ஓர் ஆலமரத்தையோ அத்திமரத்தையோ கண்டுபிடித்து, விடிந்த முதல் இரண்டு மணி நேரம் வெயில் முதுகில் படும்படி சற்றுத் தள்ளி அமர்ந்திருப்பது நல்லது. அடியில் சிவந்த பழங்கள் சிதறி, இலைகளில் புதிய எச்சம் தெறித்திருந்தால் அதுவே சரியான மரம்.

ஆல், அத்தி இனங்கள் தத்தமக்குரிய சிறு குளவிகளால் மகரந்தச் சேர்க்கை பெறுவதால், மரத்துக்கு மரம் பழுக்கும் காலம் மாறுபடுகிறது. ஆனால் ஒரு மரத்தின் காய்கள் பெரும்பாலும் ஒரே சமயத்தில் பழுத்துவிடும். ஆகவே குக்குறுவான், பச்சைப்புறா, மாங்குயில், மைனா எல்லாம் அந்தச் சில நாட்களில் அங்கேயே கூடுகின்றன. மழைக்காட்டை ஒட்டிய மரமென்றால் இருவாச்சியும் வரக்கூடும். பச்சைப்புறா இலையோடு இலையாக ஒன்றிவிடும் என்பதால், பறவையைத் தேடாமல் அசையும் கொப்பைப் பார்க்கவேண்டும்.

ஈப்பிடிப்பான் போன்ற பூச்சியுண்ணிகளைப் பார்க்க இந்த வழி அவ்வளவாக உதவாது. கூந்தன்குளத்து நீர்ப்பறவைகளுக்கும் கடற்கரை உள்ளான்களுக்கும் இது பொருந்தவே பொருந்தாது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் மரத்தைத் தேடிப் பாதையை விட்டு இறங்குவதும் கூடாது. அங்கே வனத்துறை அனுமதித்த இடத்திலிருந்து தெரியும் மரத்தோடு நிறுத்திக்கொள்ளவேண்டும்.