நிலம் சின்னச் சின்னதாக ஆடிக்கொண்டே இருந்தால்: எதைப் பார்ப்பது, என்ன செய்வது

நில அதிர்வுப் பதிவுகளைப் படித்து நேரமும் அளவும் குறிப்பது என் வேலை. ஓரிடத்தில் அடுத்தடுத்து நாலைந்து சிற்றதிர்வுகள் வந்துவிட்டால் போதும், தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றேதான்: "பெரிசா ஒண்ணு வரப்போகுதாக்கா?" ஆமாம் என்றோ இல்லை என்றோ அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. பதிவில் முன்னதிர்வும் சாதாரணச் சிற்றதிர்வும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பெரியது வந்த பிறகுதான் முந்தையதற்கு முன்னதிர்வு என்று பெயர் வைக்கிறோம். ஆனாலும் நீங்கள் பார்க்க வேண்டியவை சில உண்டு, செய்ய வேண்டியவை நிறைய உண்டு.

முதலில், அரசு நில அதிர்வு மையம் வெளியிடும் பட்டியலைப் படிக்கப் பழகுங்கள். முதல் சில நிமிடங்களில் வரும் அளவு கணினி போட்டது. ஆள் உட்கார்ந்து சரிபார்த்ததும் கூடும், குறையும். ஆழம் என்ற இடத்தில் வரிசையாக 10 கிலோமீட்டர் என்றே இருந்தால், பெரும்பாலும் ஆழத்தைச் சரியாகக் கணிக்க முடியாமல் வழக்கமான எண்ணைப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். எண்ணிக்கை திடீரென்று எகிறினால், அங்கே புதிதாகக் கருவி வைத்தார்களா என்றும் பாருங்கள். கருவி பக்கத்தில் வந்தால், அதுவரை தப்பிய குட்டி அதிர்வுகளும் கணக்கில் ஏறிவிடும்.

வீட்டில் உட்கார்ந்தே ஒன்றைக் கவனிக்கலாம். முதலில் 'டக்' என்று ஒரு தட்டு, பிறகு பக்கவாட்டில் ஆட்டம். இரண்டுக்கும் நடுவே உள்ள நொடிகளை 8ஆல் பெருக்கினால், அதிர்வு பிறந்த இடம் எத்தனை கிலோமீட்டர் தள்ளி என்று தோராயமாகத் தெரியும். 2 நொடி என்றால் 16 கிலோமீட்டர். ஒவ்வொரு தடவையும் அதே 2 நொடி வந்தால், அநேகமாக ஒரே இடம்தான் அதிர்ந்துகொண்டிருக்கிறது.

அடுத்து, வரிசையின் போக்கு. ஒரு பெரிய அதிர்வும், அதன்பின் தேய்ந்துகொண்டே போகும் சின்னவையும் என்றால் அவை பின்னதிர்வுகள். அவற்றில் மிகப் பெரியதுகூடப் பொதுவாக முதன்மை அதிர்வைவிட 1.2 அளவு குறைவாக இருக்கும். தலைமை என்று ஒன்றும் இல்லாமல் ஏறி இறங்கி நீடித்தால் அது திரள். பாறை வெடிப்புகளில் நீரோ பாறைக்குழம்போ நுழைவது இதற்கு முக்கியக் காரணம். ஜப்பானின் மட்சுஷிரோவில் 1965 ஆகஸ்டில் தொடங்கியது ஆண்டுக்கணக்கில் நீண்டும் பெரிய நிலநடுக்கமாக மாறவில்லை. 2025 தொடக்கத்தில் கிரேக்கத்தின் சாண்டோரினி தீவில் ஒரு திரள் வந்து 10,000 பேருக்கு மேல் வெளியேறினார்கள், அதுவும் அடங்கிவிட்டது.

இதை வைத்து, திரள் என்றால் ஆபத்தில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே ஜப்பானில் நோட்டோ தீபகற்பம் 2020 கடைசியிலிருந்து ஆடிக்கொண்டிருந்தது. 2023 மே மாதம் 6.5 அளவில் ஒன்று, 2024 ஜனவரி 1 அன்று 7.6 அளவில் ஒன்று.

அதனால் பக்கத்தில் பெரிய நிலப்பிளவு, அதாவது இரு பக்கப் பாறையும் உரசி நகரும் விரிசல், இருக்கிறதா என்றும் பாருங்கள். 2016 செப்டம்பரில் கலிபோர்னியாவின் சால்டன் ஏரிக்கடியில் திரள் வந்தபோது, சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் தெற்கு முனை அருகில் இருந்ததால், ஒரு வாரத்துக்குள் 7க்கு மேல் வரும் வாய்ப்பு 10,000க்கு 3 முதல் 100க்கு 1 வரை என்று அறிவித்தார்கள். எதுவும் வரவில்லை. ஆனாலும் நேர்மையான எச்சரிக்கை இப்படித்தான் இருக்கும்: இடம், கால வரம்பு, வாய்ப்பு மூன்றும் இருக்கும். "நாளை ராத்திரி 2 மணிக்கு வரும்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை உடனே அழித்துவிடுங்கள்.

பொதுக்கணக்குப்படி, ஒரு நிலநடுக்கத்தை அடுத்துச் சில நாளில் அதே பகுதியில் அதைவிடப் பெரியது வருவது நூற்றில் ஐந்தாறு தடவைதான். அந்தப் "பெரியது" 3க்குப் பிறகு வந்த 3.2 ஆகவும் இருக்கலாம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, "சின்னதா வந்தா நல்லது, அழுத்தம் குறைஞ்சிடும்" என்ற பேச்சு. அளவு ஒன்று கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். ஒரு 7க்கு ஈடாக 30,000க்கு மேல் 4கள் வேண்டும். இத்தாலியின் லாகுய்லாவில் 2009இல் மாதக்கணக்கில் சிற்றதிர்வுகள் வந்தன. ஆற்றல் வெளியேறுவதால் நல்லதுதான் என்று அதிகாரி ஒருவர் பேட்டியில் சொன்னார். இரவில் ஆடினால் வெளியே வந்து படுப்பது அந்த ஊர்ப் பழைய வழக்கம். ஏப்ரல் 5 இரவு 11 மணி வாக்கில் ஒன்று, நள்ளிரவு தாண்டி இன்னொன்று. அப்போதும் பலர் உள்ளேயே இருந்துவிட்டார்கள். அதிகாலை 3.32க்கு 6.3. இறந்தவர்கள் 300க்கு மேல்.

ஆகவே திரள் தொடங்கிய அன்றே வேலையைத் தொடங்குங்கள். பீரோவையும் புத்தக அலமாரியையும் சுவரோடு பிணையுங்கள். கட்டிலைக் கண்ணாடி ஜன்னலை விட்டு நகர்த்துங்கள். தலைக்கு மேல் பரண் சாமான் வேண்டாம். கட்டில் காலில் ஒரு பையைக் கட்டி அதில் செருப்பும் டார்ச்சும் வையுங்கள். இருட்டில் உடைந்த கண்ணாடியை மிதித்துக் காயப்படுகிறவர்கள் நிறையப் பேர். கேஸ் வால்வை மூட வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். ஆடும்போது ஓடாதீர்கள்; மேஜைக்கடியில் குனிந்து மேஜையின் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீடு கம்பி போடாத கல் கட்டடம் அல்லது மண் சுவர் என்றால், நன்றாக உணரும்படி ஓர் அதிர்வு வந்த இரவில், ஆட்டம் நின்றதும் வெளியே வந்து திறந்த வெளியில் படுங்கள். வாய்ப்பு முதல் நாளில்தான் அதிகம். மூன்று நாளில் வெகுவாகக் குறைந்துவிடும். இடையில் புதிதாக ஒரு பெரிய அதிர்வு வந்தால், அந்த மூன்று நாளை மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள்.